ஏழாவது படிக்கல்லுக்குக் காவல்

முதல் பாகம் அச்சுக்குப் போகும் முன் பதிப்பாளர் ஒரு வரைபடம் கேட்டார். மாயக்கதை என்றால் அட்டையின் உட்பக்கத்தில் வரைபடம் இருந்தால்தான் குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்றார். இல்லாத ஊரை வரைய எனக்குத் தெரியாது. நன்றாகத் தெரிந்த வழி ஒன்று இருந்தது: திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்புக்குப் போய், பெருமாள் கோயில் கோபுரத்தைத் தாண்டி, குடகனாற்றை ஒட்டி வயல்களுக்குள் இறங்கும் மண்பாதை. அதையே வரைந்தேன். பெயர்களை எல்லாம் மாற்றினேன். திருப்பங்களை மாற்றத் தோன்றவில்லை. பாதை முடியும் இடத்தில் ஒரு வட்டக் கிணறு. அதன் உட்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்களில் ஏழாவதை மிதித்தால் நீருக்கு அடியிலுள்ள ராஜ்ஜியத்தின் வாசல் திறக்கும் என்பது கதை.

அந்த வழி எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சமூகப்பணியில் முதுகலை முடித்து, குழந்தைகள் பாதுகாப்புக்கான ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளைக் கிராமம் கிராமமாகப் போய்க் குறித்துக்கொண்டு அதிகாரிகளுக்கு மனு எழுதுவது என் பொறுப்பு. அந்தப் பட்டியலில் இருந்த ஒரு கிணறுதான் கதைக்குள் வந்தது. மனுவில் ஆபத்து என்று எழுதிய கையாலேயே கதையில் அதை வாசல் என்று எழுதினேன். அன்று இது எனக்கு உறைக்கவில்லை.

புத்தகம் விற்றது. பள்ளிகள் மொத்தமாக வாங்கின. நான்காம் பாகம் வந்தபோது வேலையை விட்டிருந்தேன். வீட்டு வாடகையும் தம்பியின் படிப்பும் அந்தக் கிணற்றிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் ஒரு தாயிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கோயிலுக்கு வந்த இடத்தில் அவருடைய ஒன்பது வயது மகள் வழியை அடையாளம் கண்டுகொண்டு, புத்தகமும் கையுமாகப் பெற்றோரை அழைத்துப் போயிருக்கிறாள். அவர்கள் வண்டியை நிழலில் நிறுத்துவதற்குள் முன்னால் ஓடி, ஐந்தாவது கல் வரை இறங்கிவிட்டாள். கீழே நீரைப் பார்த்ததும் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்த அந்த நிலத்துக்காரம்மா இறங்கி, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு மேலே வந்திருக்கிறார். கடிதத்தில் என்மேல் குற்றம் எதுவும் சொல்லப்படவில்லை. மகளுக்கு என் புத்தகம் என்றால் உயிர், அதனால்தான் எழுதுகிறேன் என்று முடித்திருந்தார்.

மறுநாளே போனேன். அந்த அம்மா என் கதையைப் படித்தவரல்ல. ஆனாலும் கதை முழுவதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஏற்கெனவே கிணற்றைத் தேடி வந்த குழந்தைகள் ஒவ்வொன்றும் ஒரு துண்டு சொல்லிவிட்டுப் போயிருந்தன.

“தண்ணிக்குள்ள ராசா இருக்காராமே டீச்சர். மோட்டாரு காயிலு கருகிப்போயி நாங்க திண்டாடுனப்ப எங்க போயிருந்தாராம் அவரு?”

நான் டீச்சர் இல்லை. புத்தகத்தோடு வருபவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார். சிரித்துக்கொண்டே கேட்டவர், கிணற்றருகே வந்ததும் குரலைத் தாழ்த்தினார். “இம்புட்டு நாளா வந்த புள்ளைக எட்டித்தான் பாத்துச்சுக. இது எறங்கிருச்சு. நாளைக்கு நா சந்தைக்குப் போயிருக்கையில ஒண்ணு எறங்குனா யாரு தூக்குறது?”

கைப்பிடிச் சுவர் கட்டலாம் என்று கொத்தனாரை அழைத்தோம். கரை மண் இளகிக் கிடக்கிறது, கோடையில் நீர் வற்றிய பிறகுதான் அஸ்திவாரம் போட முடியும் என்று சொல்லிவிட்டார். அதுவரை என்னால் செய்ய முடிந்தது எழுதுவது மட்டும்தான். ஐந்தாம் பாகத்தில் வாசலை மூடினேன். ஏழாவது கல்லை மிதிப்பவர்கள் கல்லாகிவிடுவார்கள் என்று எழுதினேன். பயமுறுத்தினால் விலகுவார்கள் என்று நம்பினேன். மாயக்கதை எழுதிப் பிழைக்கும் ஒருவர் செய்யக்கூடாத தவறு அது. கல்லானவர்களை மீட்கக் குழந்தைகள் வரத் தொடங்கினார்கள். புதிய பதிப்புகளில் வரைபடத்தை நீக்கச் செய்தேன். அதற்குள் அது எத்தனையோ வீட்டுக் கைபேசிகளுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள் என்பதால், அந்த நாள்களில் நானே போய் உட்காருவதென்று முடிவு செய்தேன். எழுதியவளே நேரில் சொன்னால் நம்பாமல் போவார்களா? முதல் வாரம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அப்பாவோடு பைக்கில் வந்தாள். நான் யாரென்று சொன்னேன். அந்த ராஜ்ஜியம் என் கற்பனை, இது கத்தரித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாயும் கிணறு, இதற்குள் சேறும் மோட்டாரும்தான் இருக்கின்றன என்று பொறுமையாக விளக்கினேன்.

அவள் கடைசி வரை மரியாதையாகக் கேட்டாள். பிறகு அப்பாவுக்குக் கேட்காதபடி என் பக்கம் சாய்ந்து, “பரவால்ல மிஸ். உள்ள போயிட்டு வந்தவங்க இல்லைன்னுதான சொல்லணும். எனக்குத் தெரியும்,” என்றாள்.

அது என்னுடைய விதிதான். உள்ளே போய்த் திரும்பியவர்கள் அப்படி ஓர் இடமே இல்லை என்று சாதிக்க வேண்டும் என்று முதல் பாகத்தில் எழுதியிருந்தேன். பெரியவர்கள் மறுக்கும்போதெல்லாம் கதை உடையாமல் இருக்க அது உதவியது. இப்போது நான் மறுக்க மறுக்க அவள் முகம் தெளிந்தது.

நடந்ததை மோட்டார் அறையின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாவின் கணவர் அதிகம் பேசுபவரல்ல. கம்பி வலை விரிக்கலாமா என்று கேட்டேன். “வலைய விரிச்சா அது மேல ஏறி நின்னு பாப்பாக,” என்றார். அடுத்த வாரம் நான் போனபோது மேலேயுள்ள எட்டுப் படிக்கற்களையும் கல் உடைப்பவரை வைத்துச் சுவரோடு சுவராக வெட்டியெடுத்திருந்தார். குழாயின் அடிவால்வில் குப்பை அடைக்கும்போதெல்லாம் அவர் இறங்கும் வழி அதுதான். இனி வீட்டிலிருந்து இரும்பு ஏணியைச் சுமந்து வர வேண்டும். அவர் இறங்கி ஏறும்வரை மனைவி அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஏணியை மட்டும் நான் வாங்கித் தந்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். அதுவே எனக்குப் பெரிய மன்னிப்பாகத் தோன்றியது.

இனி எந்தக் குழந்தையும் இறங்க முடியாது. விழுவதற்குத் தடையில்லை. கற்கள் இருந்த இடத்தைப் பார்ப்பதற்காக இப்போது முன்னைவிட அதிகமாகக் குனிகிறார்கள்.

பதிப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கவலைப்பட்டார், அது நடிப்பல்ல. ஆனால் ஆறாம் பாகத்தைக் கிணறு இல்லாமல் எழுதட்டுமா என்று கேட்டபோது, “கிணறு இல்லைன்னா நீங்க யாருன்னே பிள்ளைங்களுக்குத் தெரியாதுங்களே,” என்றார். பள்ளி விடுமுறைக்குள் புத்தகம் வந்துவிடும் என்று அறிவிப்பும் போய்விட்டது. நானும் எல்லாப் பக்கமும் எண்ணிப் பார்த்தேன். எழுதாமல் விட்டால், முடிவு தெரியாத குழந்தைகள் அதைத் தேடி இங்கே வருவார்கள். எழுதினால் புதிய குழந்தைகள் வருவார்கள். நல்ல முடிவாக எழுதினால் பார்க்க வருவார்கள். கெட்ட முடிவாக எழுதினால் மாற்ற வருவார்கள்.

போன ஞாயிறு அந்த அம்மா எனக்கும் சேர்த்துச் சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் கொண்டு வந்தார். சாப்பிட்டு முடித்ததும், “லீவு விட்டுட்டா தெனமும்ல வரும்க. செவுரு எந்திரிக்கிற வரைக்கும் நீங்களும் தெனமும் வருவீகளா டீச்சர்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் குத்தல் இல்லை. அறுப்புக்கு ஆள் வருமா என்று விசாரிப்பது போலத்தான் கேட்டார்.

வருவேன் என்றேன். ஆறாம் பாகத்தை மோட்டார் அறையின் நிழலில் உட்கார்ந்துதான் எழுதி வருகிறேன். ஒரு வாக்கியம் முடிந்ததும் தலையைத் தூக்கிக் கிணற்றைப் பார்த்துவிட்டு, அடுத்ததைத் தொடங்குகிறேன்.