மரை படுத்த பற்றை

சிகரெட் பெட்டியைப் பிரித்து விரித்த அட்டை அது. உட்புறத்தில் பென்சிலால் ஒரு சாலை, வண்டிகள் நிறுத்தும் வெளி, கீழே வளைந்து போகும் ஓடை. வெளிக்கும் ஓடைக்கும் நடுவே ஒற்றை எழுத்து: ம. மரை என்ற பெரிய காட்டு மானுக்கு நான் போட்ட ம. இருபது வருடத்துக்கு மேலாகப் பழைய கடவுச்சீட்டுக்குள் வைத்திருக்கிறேன். பென்சில் மங்கிப்போயிற்று. அதன்மேல் நீல மையால் இன்னொரு கை எழுதியது மட்டும் மங்கவேயில்லை.

எழுபதுகளின் கடைசிப் பகுதி. டண்டினொங்கில் அக்கா வீட்டில் இருந்தேன். என்னை இந்தக் கங்காரு நாட்டுக்கு எடுப்பித்தவர் அக்காவின் கணவர், என் அத்தான். ஊரில் அரசாங்கப் படவரைஞர். அவர் எழுத்து அச்சடித்ததுபோல் சாய்ந்து நிற்கும். இங்கே தொழிற்சாலையில் நாள் முழுக்க இரும்பில் துளை போட்டார். நானும் அங்கேதான். சாப்பாட்டுக் கன்ரீனில் நீள மேசை ஒன்று எங்களை மேய்க்கும் போர்மனுக்கும் அவருடைய வேட்டைக் கூட்டாளிகளுக்கும். எங்கள் இருவருக்கும் கதவோரக் கதிரைகள். யாரும் எங்களை விரட்டவில்லை. யாரும் கூப்பிடவுமில்லை. சோற்றுப் பெட்டியைத் திறந்தபடி அத்தான் அந்த மேசையின் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் அதைக் கவனித்தேன். அதன் பாரம் எனக்கு அப்போது தெரியவில்லை.

கிழக்கு மலைக்காடு அரசுக் காடு, எல்லாருக்கும் பொது. குளிர்காலச் சனிக்கிழமை விடிய முன்னமே வண்டிகள் வரிசை கட்டிவிடும். ஊரில், வன்னிக் காட்டில் நான் பார்த்து வளர்ந்த அதே மரைதான் அங்கே. எந்தக் காலத்திலோ கப்பலில் கொண்டுவந்து விட்டார்களாம். “எங்களுக்கு முதலே எங்கட ஆள் வந்திட்டார், அதுவும் விசா இல்லாமல்” என்பார் அத்தான். ஒரே வேட்டைத் துவக்கை மாறி மாறிச் சுமந்து மலை மலையாய் ஏறினோம். எங்கு போனாலும் எங்களுக்கு முன்னே யாரோ ஒருவரின் சப்பாத்துத் தடம். எல்லாரும் வெறுங்கையோடு இறங்கினோம்.

ஒரு சனி, கால் சுளுக்கி, நான் வண்டிக்குள்ளேயே கிடந்தேன். அப்போதுதான் கண்டேன். வண்டிகள் நிற்கும் வெளிக்குக் கீழே, ஐம்பது அடி தூரத்தில், பிளாக்பெரி முட்புதர்ப் பற்றைக்குள் ஒரு காது அசைந்தது. பிறகு கொம்பு. பெரிய கடா. மேலே யாராவது கார்க் கதவை அடித்துச் சாத்தும்போதெல்லாம் அது இன்னும் கொஞ்சம் தாழ்ந்து படுத்தது. மனிதர் வந்து இறங்கும் இடத்தில் மனிதர் தேடமாட்டார்கள் என்று அது படித்திருந்தது. அத்தனை துவக்குகளும் அதைக் கடந்துதான் மலைக்குப் போயின.

துவக்கு அன்றைக்கு அத்தானிடம். அது என்னிடம் இருந்திருந்தாலும் சுட்டிருக்கமாட்டேன். திங்கட்கிழமை கதவோரக் கதிரையில் அட்டையில் வரைந்து கொடுத்தேன்.

“முதல் வெடி உங்களுக்குத்தான், அத்தான்.”

“ஏன்டா, கண்டது நீயல்லோ?”

“என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டது நீங்களல்லோ.”

அவர் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்து, அதன்மேல் ஒருமுறை தட்டிக்கொண்டார்.

அந்தச் சனி அவருக்குக் காய்ச்சல். “அடுத்த கிழமை போவம் தம்பி” என்று போர்வைக்குள் முகத்தை இழுத்துக்கொண்டார். அது இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்க்க மட்டும், துவக்கில்லாமல் போனேன். வண்டிகள் நிறுத்தும் வெளியில் போர்மனின் வண்டி. மரக்கிளையில் மரை தலைகீழாகத் தொங்கியது. நாக்கு ஒரு பக்கம். வண்டியின் முன்புற பொனற் மூடியில் என் அட்டை. என் ம-வுக்குப் பக்கத்தில், நீல மையில், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், எங்கே நிற்க வேண்டும், காற்று எந்தப் பக்கம் என்று முழு விளக்கம். சாய்ந்து நிற்கும் அந்த எழுத்தை நான் எங்கே கண்டாலும் அறிவேன். “உன் அத்தான் கெட்டிக்காரன், மேட்” என்றார் போர்மன். “எப்படித்தான் கண்டுபிடித்தாரோ.” நான் அட்டையைத் தூக்கியபோது, வைத்துக்கொள், இனி எதற்கு என்று சிரித்தார்.

வீட்டில் அத்தான் எழும்பி உட்கார்ந்திருந்தார்.

“நிண்டதோ?”

“வேற ஆக்கள் சுட்டிட்டினம்.”

“ஆரோ பார்த்திருப்பினம்” என்றார், என்னைப் பார்க்காமல்.

திங்கட்கிழமை நீள மேசையில் அவருக்கு ஒரு கதிரை இருந்தது. “வா தம்பி, இடமிருக்கு” என்று கை காட்டினார். அந்தக் கை என்னை விமான நிலையத்தில் கட்டிப்பிடித்த கை. நான் கதவோரத்திலேயே இருந்து சாப்பிட்டேன். ஒரு கதிரைக்கா? கேட்டிருந்தால் அந்த மரையை நானே அவருக்காகக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். கேட்காமல் எடுத்ததைத்தான், காய்ச்சல் என்று படுத்ததைத்தான், இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

போன மாதம் நானும் மகளும் அவரைப் பார்க்கப் போனோம். எழுபது தாண்டிவிட்டது; ஜன்னலோரக் கதிரைதான் உலகம். எடுத்து முன்னால் வைத்துவிடுவது என்று அட்டையைப் பைக்குள் கொண்டுபோயிருந்தேன். அவரோ என் மகளுக்குக் கதை சொல்லத் தொடங்கினார். “உன்ர அப்பா கண்டுபிடிச்ச மரை, பிள்ளை. ஆரோ காட்டிக்குடுத்திட்டாங்கள்.”

காட்டிக்கொடுத்தது யார், மாமா என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். என் கை சட்டைப் பைக்குள் போய், அட்டையின் விளிம்பைத் தொட்டது. வெளியே தெருவில் யாரோ கார்க் கதவை அடித்துச் சாத்தினார்கள். அத்தான் கதிரைக்குள் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தார்.

“தெரியாது பிள்ளை” என்றேன். கையை வெறுமையாகவே வெளியே எடுத்தேன்.