கபடியில் பாவு எப்போது முடியும்?

விளையாட்டுச் சட்டம் பாடம் நடத்துகிறேன் என்று சொன்னால் எங்கள் ஊர் ஆரணியில் முதலில் வரும் கேள்வி, "அதுல கூட கேஸ் வருமாங்க?" என்பதுதான். சென்னைச் சட்டக் கல்லூரி ஒன்றில் வீரர்களின் ஒப்பந்தம், அணி மாற்றம், விளம்பர உரிமை என்று பல வருடமாகத் தொண்டை வறளப் பேசுகிறேன். சொந்த ஊரிலிருந்து ஒரு கேஸும் வராது என்றே நினைத்திருந்தேன்.

போன வருடம் வந்தது. என் அக்கா மகள் எங்கள் தெருப் பெண்கள் கபடி அணியில் ரைடு போகிறவள். வந்தவாசி அணி ஒன்று அவளைக் கூப்பிட்டது. அவர்கள் ஆடப்போகும் போட்டிக்கு, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுத்து ஆள் எடுக்கிறவர்கள் வருகிறார்கள். அவளுக்கோ வயது ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு வாய்ப்பு சந்தேகம்தான். ஆனால் எங்கள் அணியை நடத்தும் பெண்மணி, விசைத்தறி வைத்திருப்பவர், விடமாட்டேன் என்றுவிட்டார்.

"ஏத்தின பாவு முடியாம யாராவது தறி மாறுவாங்களாங்க? போட்டி பாதியில நிக்குது."

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல். ஒரு முதலாளியின் பாவை ஏற்றிவிட்டால், அது நெய்து தீரும்வரை இன்னொருவருக்கு நெய்யக் கூடாது. அந்த வழக்கத்தை எங்கள் ஆட்கள் கபடிக்கும் கொண்டுவந்திருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். சண்டை போடப் போனவள் கோபத்தை மறந்து கேள்விமேல் கேள்வி கேட்டேன். காலில் அடிபட்டால்? கல்யாணமாகிப் போனால்? எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். சரி, கபடியில் பாவு எப்போதுதான் முடியும்?

"தோத்து வெளிய வந்துட்டா அன்னிக்கே அறுத்துடுவோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. தோற்றால் அவள் வந்தவாசி போகலாம். ஜெயித்தால் எங்கள் இறுதிப் போட்டியும் அவர்கள் போட்டியும் ஒரே நாள். ஒருத்தியைத் தோற்கத் தூண்டும் விதி எவ்வளவு ஆபத்தானது என்று வகுப்பில் ஒரு மணி நேரம் கத்துவேன். அதையே அவரிடமும் சொன்னேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நம்ம பொண்ணு அப்படி ஆடுவாளா?"

எனக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. ஆனாலும் அவள் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் மைதானத்துக்குப் போனேன்.

கடைசி ரைடு அவளுடையது. ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். பிடிபட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் இரண்டு பேரைத் தொட்டாள். கணுக்காலைக் கவ்வியிருந்த ஒருத்தியையும் இழுத்துக்கொண்டு வந்து, நடுக்கோட்டில் கையை வைத்தாள். ஜெயித்துவிட்டோம். எனக்கு அழுகையாக வந்தது.

ஆட்டோவில் அவளும் அழுதாள். ஓயட்டும் என்று காத்திருந்து கேட்டேன். "பிடிபட்டிருந்தா வந்தவாசி போயிருக்கலாமேடி. ஞாபகம் வரலையா?"

"வந்துச்சு சித்தி. உள்ள போற வரைக்கும் அதையேதான் நெனச்சுகினு இருந்தேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு கால் எட்டுற தூரத்துல நின்னுச்சு. தொடாம எப்படி வர்றது?"