சாச்சாவின் நிக்காஹுக்காக நான் சர்ச்சுக்குப் போனது

என் சாச்சாவின் நிக்காஹ் நடக்க வேண்டும் என்பதற்காகப் பதினோரு வயதில் தொடர்ந்து ஆறு ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போனேன். அனுப்பி வைத்தவர் என்னைப் பெற்ற அத்தா. ஐந்து வேளையும் தொழுகிற மனிதர். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களுக்கு நான் இரண்டாம் தடவை சொல்வதும் இல்லை.

சாச்சா அத்தாவின் தம்பி. குப்பி அத்தாவின் தங்கை. பெற்றவர்கள் சீக்கிரமே மவுத்தாகிவிட்டதால் இரண்டு பேரையும் வளர்த்தது அத்தாதான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவருக்கு மெத்தைக் கடை. குப்பி ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். சாச்சா செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, சைக்கிள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். வாடிக்கைக்காரர்கள் எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள். மலையைப் பார்த்தபடி கண்ணை மூடி உட்காருவதற்கென்று விமானம் ஏறி வருகிறவர்கள்.

அப்படி ஒவ்வொரு குளிர்காலமும் வந்து, வெயில் ஏறுவதற்குள் போய்விடுகிற ஹாலந்துக்காரி ஒருத்தி. முதல் வருஷம் சாச்சா கொடுத்த சைக்கிளைப் பத்தடி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து, பின்சக்கரம் கோணல் என்றாள். சக்கரத்துக்குப் பெண்டு எடுப்பதில் இந்த ஊரில் தன்னை விட்டால் ஆள் இல்லை என்பது சாச்சாவின் நினைப்பு. அவள் தரையில் உட்கார்ந்து, அவருடைய ஸ்போக் சாவியையே வாங்கி, அரை மணி நேரத்தில் நேராக்கிக் கொடுத்தாள். சாச்சா இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. மூன்றாவது வருஷம் அவளைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வீட்டில் வந்து நின்றார்.

அத்தா கத்தவில்லை. "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போய்க் கட்டிக்கோ. இந்த வீட்டுப் படி மட்டும் ஏறாதே" என்றார்.

"நீங்க உட்கார்ந்து முடிச்சு வைக்காத கல்யாணம் எனக்கு வேணாம்ணா."

அதோடு சாச்சா சாப்பிடாமல் கடைக்குப் போய்விட்டார். அத்தாவும் சாப்பிடவில்லை. அன்றைய மீன் முழுவதையும் நானும் குப்பியும் தின்று தீர்த்தோம்.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அத்தா, பள்ளிவாசலில் தொழ வைக்கும் ஹஜ்ரத்தையும் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லியையும் வீட்டுக்குக் கூட்டிவந்தார். ஹஜ்ரத் முடியாது என்று சொல்லிவிட்டால் பிரச்சனை தீர்ந்தது என்பது அவர் கணக்கு. ஹஜ்ரத் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "கூடும்" என்றார்.

அத்தாவுக்கு முகம் விழுந்துவிட்டது.

யூதர்களும் கிறிஸ்தவர்களும் நமக்கு முன்னால் வேதம் கொடுக்கப்பட்டவர்கள், அவர்களில் ஒழுக்கமான பெண்ணை முஸ்லிம் ஆண் மணக்கக் குர்ஆனிலேயே அனுமதி இருக்கிறது, அவள் மதம் மாறக்கூடத் தேவையில்லை என்று ஹஜ்ரத் விளக்கினார். பெரியவர்கள் பலர் இதை விரும்பவில்லை, நாளைக்குப் பிள்ளைகள் எந்தப் பக்கம் வளருமோ என்ற பயம்தான் காரணம் என்றும் சொன்னார். "கூடும். ஆனா நான் சிபாரிசு பண்ண மாட்டேன். சரி, அந்தப் பொண்ணு என்ன மார்க்கம்?"

சாச்சா சந்தோஷமாக, "அப்பா யூதர், அம்மா கிறிஸ்டியன்" என்றார்.

"ரெண்டுமே வேதம் வந்தவங்கதான். அவங்க என்ன?"

சாச்சா அதைக் கேட்டு வைத்திருக்கவில்லை. மூன்று வருஷம் பழகியவர், கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்கவில்லை. ஆண்கள் அப்படித்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளையே வரவழைத்தார்கள். சாச்சா மொழிபெயர்த்தால் தனக்குச் சாதகமாகத் திரித்துவிடுவார் என்று முத்தவல்லி சொன்னதால், இங்கிலீஷ் மீடியத்தில் ஆறாவது படிக்கும் என்னைப் பிடித்து நடுவில் உட்கார வைத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஹஜ்ரத் கேட்பதை அவளிடம் சொல்வேன், அவள் சொல்வதை இவர்களிடம் சொல்வேன். குழந்தையில் ஞானஸ்நானம் கொடுத்தார்களாம். பதினாலு வயதுக்கு மேல் சர்ச்சுக்குப் போனதில்லையாம்.

"இப்ப என்னவா இருக்காங்கன்னு கேளும்மா" என்றார் ஹஜ்ரத்.

கேட்டேன். அவள் யோசித்து யோசித்துப் பேசினாள். நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சுருக்கமாகச் சொன்னேன். "தான் யாருன்னு அவங்களுக்கே தெரியாதாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் நம்ம ஊருக்கு வந்திருக்காங்களாம்."

முத்தவல்லிக்கு அது பெரிய சிக்கலாகப் படவில்லை. "பாஸ்போர்ட்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்களேன்" என்றார்.

பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தார்கள். பிறந்த தேதி இருந்தது, உயரம் இருந்தது, மதம் இல்லை. அதைக் கையில் வாங்கிப் பார்த்த அத்தா, "உயரத்தைப் போட்டிருக்கான், இதைப் போடலியே" என்று அந்த நாட்டு அரசாங்கத்தின்மேல் கோபப்பட்டார்.

கலிமா சொல்லி முஸ்லிமாகிவிட்டால் எல்லாம் முடிந்ததே என்று சாச்சா சொன்னார். நான் அவளிடம் கேட்டேன். மனசில் இல்லாததை வாயால் சொல்ல மாட்டேன், அது உங்களுக்கும் மரியாதை இல்லை என்றாள். ஹஜ்ரத்துக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. "சரியாத்தான் சொல்றாங்க. கல்யாணத்துக்காகச் சொல்ற கலிமா பொய். அதை நான் கேட்டு வாங்க மாட்டேன்" என்றார். கிறிஸ்தவப் பெண்ணாகவோ யூதப் பெண்ணாகவோ இருந்தால் நிக்காஹ் முடித்து வைப்பேன், ஒன்றுமே இல்லை என்றால் முடியாது, அவசரமில்லை, தான் யார் என்று அவர்களே முடிவு செய்து வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாச்சா இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு விசா முடிய இரண்டு மாதம்தான் இருந்தது.

அப்போதுதான் அத்தா ஆளே மாறினார். இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று நின்ற மனிதருக்கு, இப்படி ஒரு காரணத்தால் அது நிற்பது பொறுக்கவில்லை. "ஒரு ஒழுங்கான கிறிஸ்டியனா இருக்கக்கூட வக்கில்லையா அவளுக்கு?" என்று சாச்சாவைப் பிடித்துத் திட்டினார். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போனா என்ன? அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றா, அரை கிலோமீட்டர் போகத் தெரியலையா? போகச் சொல்லு."

சாச்சா கூடப் போகக் கூடாது, நிக்காஹுக்கு முன்னால் சேர்ந்து சுற்றினால் ஊர் பேசும். அவளுக்குத் தமிழும் தெரியாது. ஆகவே நான் போக வேண்டும். குப்பி ஸ்கூட்டியில் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக் கொண்டுபோய் விட வேண்டும். மூன்று பேர் ஏறினால் அந்த வண்டி முனகும்.

சர்ச்சில் பெண்கள் ஒரு பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் தலையிலும் முக்காடு. என் துப்பட்டாவைச் சரிசெய்ய வேண்டிய அவசியமே இல்லை. வெள்ளைக்காரியைச் சர்ச்சுக்குக் கூட்டிவந்த நல்ல பிள்ளை என்று ஒரு கன்னிகாஸ்திரீ எனக்குக் கேக் கொடுத்தார்கள். நான் எந்த வீட்டுப் பிள்ளை என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேக் நன்றாக இருந்தது.

பிரசங்கத்தை அவள் காதில் மொழிபெயர்ப்பது என் வேலை. பாதிரியார் நிறையப் பேசுவார். எனக்கு அலுத்துவிட்டால், "எல்லாரும் நல்லவங்களா இருக்கணும்னு சொல்றார்" என்று முடித்துவிடுவேன். அவள் பயபக்தியோடு தலையை ஆட்டுவாள்.

குப்பி உள்ளே வர மாட்டாள். கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பாள். சர்ச்சில் கீபோர்டு வாசித்தவர் குப்பியின் பள்ளியில் கணக்கு சார். நல்ல உயரம். பூசை முடிந்ததும் நேராக வண்டிக்கு வந்து குப்பியோடு பேசிக்கொண்டிருப்பார். பரீட்சைத்தாள் திருத்துவது பற்றி என்று குப்பி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையும் பரீட்சைத்தாளா என்று எனக்கு அவர்கள்மேல் பரிதாபமாக இருக்கும். முதல் வாரம் எங்களை விட்டுவிட்டுப் போய்ப் பிறகு வருவதாகச் சொன்ன குப்பி, ஆறு வாரமும் அங்கேயே காத்திருந்தாள்.

குப்பி இப்போது அதே பள்ளியில் தலைமை ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று விசேஷ வீடுகளில் யாராவது நோண்டினால் எனக்குத்தான் கோபம் வரும். நான் கேட்டுவிடுவேன், உனக்கு என்ன நஷ்டம் என்று. குப்பிக்குக் கோபம் வராது. நன்றாகத்தான் இருக்கிறாள்.

நான்காவது ஞாயிறு ஒரு பாட்டு பாடினார்கள். ஹாலந்துக்காரி தரையைப் பார்த்தபடி அழுதாள். அந்த ராகத்தை அவளுடைய அம்மா பாத்திரம் கழுவும்போது முணுமுணுப்பாளாம். அம்மா இறந்து எட்டு வருஷமாம். வீட்டுக்கு வந்ததும் அத்தா வழக்கம்போல் விசாரித்தார். "இன்னிக்கு என்ன ஆச்சு?"

"அழுதாங்கத்தா."

"அழுதாளா?" அத்தா திருப்தியாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப சரி. வந்துடுவா."

ஆறாவது வாரம் முடிந்ததும் ஹஜ்ரத் வந்தார். மறுபடி நான் நடுவில். அவள் இந்த முறை யோசிக்கவில்லை. பயம் வந்தால் நான் கூப்பிடுவது என் அம்மாவின் கடவுளைத்தான், ஆகவே நான் கிறிஸ்தவள், ஆனால் நல்ல கிறிஸ்தவள் இல்லை என்றாள்.

ஹஜ்ரத் சிரித்துவிட்டார். "நல்ல முஸ்லிமாப் பார்த்துத்தான் முடிச்சு வைப்பேன்னா இந்த ஊர்ல நான் எத்தனை நிக்காஹ் முடிக்கிறது?" பிறகு சாச்சா பக்கம் திரும்பினார். "சர்ச்சுக்குப் போகாதேன்னு சொல்ல உனக்கு உரிமை கிடையாது, தெரியுமா? நீயே கொண்டுபோய் விடணும்."

"சைக்கிள்லயே கொண்டுபோய் விடறேன் ஹஜ்ரத்."

நிக்காஹ் எங்கள் வீட்டிலேயே நடந்தது. பெண்ணின் தகப்பனார், அந்த யூதர், லேப்டாப்பில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சம்மதமா என்று நான் கேட்டேன். படம் அப்படியே உறைந்துவிட்டது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். படம் மறுபடி நகர்ந்தபோது அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். அத்தா சத்தமாக அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். அவள் அன்றைக்கு எனக்குச் சாச்சி ஆனாள். இன்றைக்கும் செங்கம் ரோட்டுக் கடையில் பெண்டு எடுப்பது சாச்சிதான். சாச்சாவைத் தொட விடுவதில்லை.

மறுநாள் வலீமா விருந்து மொட்டைமாடியில். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் திரை. குப்பியின் பள்ளியிலிருந்து கணக்கு சாரும் வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் ஹஜ்ரத் பக்கத்தில் இடம் போட்டு உட்கார வைத்தார். நல்ல சந்தோஷத்தில் இருந்தார் ஹஜ்ரத். கறித்துண்டை சாரின் தட்டில் எடுத்து வைத்து, "சாப்பிடுங்க சார். உங்க சாப்பாடு எங்களுக்கு ஆகும், எங்க சாப்பாடு உங்களுக்கு ஆகும். குர்ஆன்ல உங்க பொண்ணை நாங்க கட்டலாம்னு சொன்ன அதே இடத்துலதான் இதையும் சொல்லியிருக்கு" என்றார்.

நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதமாக எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்து பேசியதில் எனக்கு வாய் நீண்டுவிட்டிருந்தது. "அப்ப நான் பெரியவளானதும் கணக்கு சாரைக் கட்டிக்கலாமா ஹஜ்ரத்?" என்று கேட்டேன்.

பந்தி முழுக்கச் சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை.

"அது கூடாதும்மா" என்றார் ஹஜ்ரத். "நம்ம ஆம்பளை அவங்க பொண்ணைக் கட்டலாம். நம்ம பொண்ணை அவங்களுக்குக் குடுக்கக் கூடாது. ஏசுவை ஈசா நபின்னும் மோசேயை மூசா நபின்னும் நாம ஏத்துக்கறோம், நம்ம வீட்டுக்கு வர்ற அவங்க பொண்ணை நாம கேவலமா நடத்த மாட்டோம். அவங்க நம்ம நபியை ஏத்துக்கலையே. அந்த வீட்ல உன் தீனுக்கு, உன் மார்க்கத்துக்கு யாரு பொறுப்பு?"

"சாப்பாடு மட்டும் ரெண்டு பக்கமும் போவுது, பொண்ணு மட்டும் ஏன் ஒரே பக்கம்?"

இதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. "வக்கீலுக்குப் படிக்க வைங்க பாய்" என்று முத்தவல்லி அத்தாவிடம் சொன்னார். சிரிப்பு அடங்குவதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து குப்பியின் குரல் வந்தது.

"அவர் கலிமா சொல்லிட்டா கூடுமா ஹஜ்ரத்?"

"சொன்னா தாராளமாக் கூடும்மா."

"கல்யாணத்துக்காகச் சொன்னா?"

ஹஜ்ரத் திரைப் பக்கம் திரும்பினார்.

"அது பொய்னு நீங்கதான் சொன்னீங்க" என்றாள் குப்பி. சத்தமில்லாமல்தான் சொன்னாள்.

ஹஜ்ரத் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். "ஆமாம்மா. நான்தான் சொன்னேன்" என்றார். சார் குனிந்தபடி தால்சாவைச் சோற்றில் பிசைந்துகொண்டே இருந்தார். அத்தா எழுந்து, பாயாசம் எங்கே, பாயாசம் எங்கே என்று யாரையோ அதட்டினார்.

எனக்கு ஒரே சந்தோஷம். அத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரித்தபோது எனக்காக எதிர்த்துக் கேட்டது குப்பி ஒருத்திதான். ஜக்கை வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் ஓடினேன். குப்பி அடுக்கிய தட்டுகளையே மறுபடி எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்து, "விடு குப்பி. எனக்கு சார் வேணாம்" என்றேன்.

குப்பி என் துப்பட்டாவைத் தலைமேல் இழுத்து விட்டாள். "சரி. வேணாம்னு நானே சொல்லிடறேன்" என்றாள்.

விஷயம் முடிந்தது என்று நான் போய் இன்னொரு தட்டு பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன்.