கட்டை இறங்கட்டும்

தொண்ணூறுகளின் நடுவில் மதுரையில் இரண்டு திருடர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒருவரிடம் லெட்டர்பேடு இருந்தது, இன்னொருவரிடம் இல்லை. வேறு வித்தியாசம் எனக்குத் தெரிந்ததில்லை.

லெட்டர்பேடுக்காரர் ஆனையூரில் கேசட் கம்பெனி நடத்தினார். கம்பெனி என்றால் ஒரு அறை, ஒரு மைக், சுவரில் அறைந்த சாக்கு. மின்விசிறி ஓடினால் இரைச்சல், நின்றால் வேர்வை. அங்கேதான் நான் எழுதிய எட்டு அம்மன் பாட்டுகளை ஒத்தக்கடைப் பக்கத்து அக்கா ஒருவர் பாடினார். நடவு வயலில் விளைந்த குரல், கனம், நிதானம். ஈரக் களியில் கால் இறங்குவது போல இறங்கும். கேசட் வந்தால் திருவிழாவுக்குக் கூப்பிடுவார்கள், கூலி வேலையை விட்டுவிடலாம் என்று நம்பினார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

கேசட் வந்தது. அட்டையில் அம்மன் படம், பக்கத்தில் முதலாளி படம், அம்மனைவிடக் கொஞ்சம் பெரிதாக. அக்கா பெயர் பின்பக்கம் கடுகளவு. என் பெயர் அச்சகத்துக்குப் போகிற வழியிலேயே இறங்கிக்கொண்டது.

இன்னொருவர் வண்டியூரில் பாட்டுப் பதியும் கடை வைத்திருந்தார். ஒரு கேசட்டை வாங்கி ஊர் முழுக்கக் குட்டி போட வைப்பார். அவர் நகல் பதிகிற மெஷினில் பெல்ட் தளர்ந்து மெதுவாகச் சுற்றும். அதில் பதிந்ததை வேறெங்கே போட்டாலும் வேகமாக ஓடும். அக்காவின் குரல் சுருதியில் ஒரு கட்டை ஏறிப் பள்ளிக்கூடப் பிள்ளையின் கீச்சுக்குரலாகிவிட்டது. சண்டைக்குப் போனேன்.

"அண்ணே, இது அவங்க குரலே இல்ல."

"போ மாப்ள. ஒங்க மொதலாளி கேசட்டு இழுவையாக் கெடந்துச்சு. நம்மகிட்ட வந்துதேன் சுறுசுறுப்பாச்சு. டீக்கடை, மினிபஸ்ஸு, எங்கிட்டும் நம்ம சரக்குதேன்!"

அது உண்மையாக இருந்ததுதான் கேவலம். கம்பெனிக் கேசட் கடைகளில் தூசி வாங்கியது. அக்காவைத் திருவிழாவுக்குக் கூப்பிட வைத்தது திருட்டுக் கேசட்.

மேலூர் ரோட்டில் ஒரு ஊர். நானும் கூடப் போனேன். முதல் அடியைப் பாடியதுமே கூட்டத்தில் சலசலப்பு. கமிட்டிக்காரர் மேடையேறினார்.

"ஏக்கா, நெசமா நீங்கதான் கேசட்டுல பாடுனீகளா?"

"நாந்தேன்."

"அந்தப் பிள்ள குரலு கீச்சுன்னு இருக்கும்ல? ஆள மாத்தி அனுப்பிட்டாய்ங்களா?"

"டேப்பப் போடுங்கப்பா!" என்றது கூட்டம். போட்டார்கள். ஊரே ஆடியது, சாமியாடியும் ஆடினார். அம்மனுக்கும் வண்டியூர்ச் சரக்குதான் பிடித்திருந்தது போல. மைக்கைப் பிடித்தபடி அக்கா மேடையில் நின்றார்.

மறுநாள் ஆனையூருக்குப் போனோம். முதலாளி கொதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மேசையில் அந்தத் திருட்டுக் கேசட் ஓடிக்கொண்டிருந்தது, விரலால் தாளம் வேறு.

"கவிஞரே, பய காது உள்ளவன்யா. இனிமே நம்மளும் இதே ஸ்பீடுதான். தங்கச்சி, அடுத்த கேசட்டுல ஒரு கட்டை ஏத்திப் பாடிருங்க."

"ஏத்தலேன்னா?" என்றார் அக்கா.

"வேற பிள்ள இருக்கு."

ஏற்றிப் பாடினார். நானும் வேகத்துக்குத் தோதாகத் துண்டு துண்டாக எழுதிக் கொடுத்தேன், என்னை விட்டுவிட்டு அவர்களை மட்டும் திட்டுவதற்கில்லை. நகலைப் பார்த்து அடித்த அந்தக் கேசட்டின் அட்டையில் முதலாளி அச்சிட்டிருந்தார்: 'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்'.

மேடைகள் கிடைத்தன. எம்பி எம்பிப் பாடி, சிடி வந்த சமயத்தில் அக்காவின் தொண்டை கம்மிவிட்டது. கம்பெனிக்கு வேறு பிள்ளை கிடைத்தாள்.

பிறகு ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். டேப் ரெக்கார்டரில் அந்த வண்டியூர்க் கேசட் ஓடியது. பேட்டரிக் கட்டை தீரும் நேரம். பாட்டு தளர்ந்து தளர்ந்து கீழே வந்தது. புதுக் கட்டை வாங்கி வரட்டுமா என்று எழுந்தேன்.

அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். கரகரத்த தொண்டையில் சொன்னார்:

"மாத்தாத தம்பி. கட்டை எறங்கட்டும். இப்பத்தேன் நான் வாரேன்."