மூன்று விநாடி வெள்ளை

ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் குடை விரிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியாத தூறல். என் மருமகள் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு எதிர் ஃபிளாட்டுக்குப் போனாள். திரும்பி வர நாற்பது நிமிடம் ஆயிற்று.

அவளுக்கு மென்பொருள் கம்பெனியில் வேலை. கம்ப்யூட்டரில் எழுதுவதற்கான ஒரு எடிட்டரைச் செய்பவர்களில் அவளும் ஒருத்தி. அதை என் மேஜையிலும் எதிர்வீட்டுக்காரர் மேஜையிலும் ஒரே நாளில் அவள்தான் போட்டுக் கொடுத்தாள். அவர் கன்னடக்காரர், என்னைப்போல அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியர் சங்க மலருக்கு நாலு வரி நகைச்சுவைத் துணுக்குகள் எழுதுகிறார். நான் தினமும் காலையில் என் பொதுப்பணித் துறை நாட்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறேன். இதுவரை இருநூற்றுப் பதினான்கு பக்கம். எடிட்டரைப் பற்றி யாரையாவது கேட்பதென்றால் யாரைக் கேட்க வேண்டும்?

"அங்க எதுக்குப் போறா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"எடிட்டர் திறக்கறப்போ திரையில வர்ற ஜன்னல் எப்படி இருக்கணும்னு வயசானவங்களைக் கேக்கறாளாம்."

"நான் வயசானவன் இல்லையா?"

"உங்களைக் கேட்டா ஒரு வாரத்துக்குப் பதில் சொல்லுவீங்க."

எனக்குச் சொல்ல விஷயம் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். இரண்டு கண்ணிலும் புரை எடுத்த பிறகு வெள்ளைத் திரை எனக்கு ஆகாது. அதனால் பின்புறத்தைக் கறுப்பாக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து, மொத்தம் இருபத்து மூன்று மாற்றங்கள் செய்து வைத்திருக்கிறேன். ஆனால் திறந்ததும் அவை வருவதில்லை. முதலில் மூலையில் சின்னதாக, டியூப் லைட் போல வெள்ளையாக ஒரு ஜன்னல். மூன்று விநாடி. பிறகு அது விரிந்து, கறுத்து, எழுத்து பெருத்து, என்னுடையதாகிறது. அந்த மூன்று விநாடிக்குள் அவசரப்பட்டுத் தட்டினால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் உளறலாக விழும். என் பக்கங்களில் பாதிக்கு முதல் வரியை இரண்டாம் முறை எழுதியிருக்கிறேன்.

பேப்பரைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் எதிர்வீட்டுக்குப் போனேன். மேஜைமேல் இரண்டு தட்டுகள் இருந்தன. அவளுக்கு உப்பிட்டு, அவர்கள் வீட்டு உப்புமா, கொடுத்திருக்கிறார். என் வீட்டில் அவள் காலையில் எதுவும் சாப்பிடுவதில்லை.

"உங்களுது திறக்கறதைக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன்.

அழுத்தினார். ஜன்னல் வந்தது. வந்த இடத்திலேயே நின்றது. தாவவில்லை, மினுக்கவில்லை.

"இதுக்கு என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல சார். சும்னே அழுத்தினா வருது. நீங்க என்ன, தேங்காய் உடைச்சுட்டுத்தான் திறப்பீங்களா?"

சிரித்தேன், ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை போகவில்லை. அவளே ஏதோ செய்து கொடுத்திருக்க வேண்டும். எனக்குச் செய்யாததை அவருக்குச் செய்திருக்கிறாள். 'அங்கிள், அங்கிள்' என்று அழைக்கும்போது அவள் குரலில் இருக்கும் சர்க்கரை, 'மாமா'வில் இருக்கிறதா என்று அன்று முழுவதும் காது கொடுத்துக் கேட்டேன். சற்றுக் குறைவாகத்தான் பட்டது.

திங்கட்கிழமை யாரிடமும் சொல்லாமல் கம்ப்யூட்டரைப் பையில் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடுக்கு ஆட்டோ பிடித்தேன். பழைய டிஸ்கைக் கழற்றி, அதில் இருந்ததையெல்லாம் புதிய வேகமான டிஸ்கில் ஏற்றிக் கொடுத்தார்கள். வீட்டில் வந்து திறந்தால் மூன்று விநாடி ஒன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் அந்த ஒன்றும் வெள்ளைதான். இப்போது அது மின்னல் மாதிரி முகத்தில் அடித்தது.

அடுத்த சனிக்கிழமை மருமகள் ஃபோனை நிறுத்தும் ஸ்டாண்டோடு என் அறைக்கு வந்தாள். "மாமா, எடிட்டரைத் திறங்க, வீடியோ எடுக்கணும்."

திறந்தேன். அவள் முகம் மாறிற்று.

"அந்த மூணு செகண்ட் எங்க?"

"டிஸ்க் மாத்திட்டேன்."

"ஐயோ மாமா! அதுக்காகத்தானே வந்தேன். ஆபீஸ்ல எல்லாரும் புது மெஷின் வெச்சுக்கிட்டு, அப்படி ஒண்ணு நடக்கறதே இல்லங்கறாங்க. உங்களுதைக் காட்டலாம்னு ரெண்டு வாரமா சொல்லி வெச்சிருக்கேன்."

"அப்ப எதிர்வீட்டுக்கு ஏன் போன?"

"ஒப்பிட்டுக் காட்ட வேண்டாமா? அங்கிள் ஒரு செட்டிங்கும் மாத்தினதில்ல. நான் போட்டுக் கொடுத்தபடியே வெச்சிருக்கார். அதனால அவருக்கு மாறறதுக்கு ஒண்ணுமே இல்ல. உங்களுக்கு இருபத்து மூணு இருக்கு."

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க அதுக்குள்ள எதையாவது நோண்டிடுவீங்கன்னுதான் சொல்லல."

பழைய டிஸ்கோடு மறுபடியும் எஸ்.பி. ரோடு. "வேகமானதை எடுத்துட்டு மெதுவானதையே போடணுமா சார்?" என்று கடைக்காரர் இரண்டு தடவை கேட்டார். விற்றதைத் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்.

அன்று மாலை அவள் என் அறையில் உட்கார்ந்து மூன்று விநாடியைப் பதினொரு முறை படம்பிடித்தாள். கடைசியில் கேட்டாள்: "ஜன்னல் எப்படி வரணும் மாமா? எல்லாம் தயாராகற வரைக்கும் காட்டாம இருந்துடலாமா?"

"கூடாது. ஒண்ணும் வரலன்னா இன்னொரு தரம் அழுத்துவேன். ரெண்டு ஜன்னல் திறந்துக்கும். நேத்து நான் மூடின இடம், நேத்து இருந்த அளவு, நேத்து இருந்த கறுப்பு, இதை மட்டும் எங்கயாவது ஞாபகம் வெச்சிருந்து உடனே காட்டு. எழுத்து அப்புறம் வரட்டும். விசைப்பலகை வந்து சேர்ற வரைக்கும் கர்சரை மட்டும் காட்டாதே. கர்சர் துடிச்சா எழுதலாம்னு நினைச்சு கை போயிடும்."

அவள் தலை நிமிராமல் டைப் அடித்துக்கொண்டே வந்தாள். "கர்சர் விஷயம் எங்க யாருக்கும் தோணல" என்றாள்.

"எதிர்வீட்டுக்காரர் என்ன சொன்னார்?"

"'ஜன்னல் வருதே, இன்னும் என்ன வேணும்மா?'ன்னார்."

சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் எழுந்து போன பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். என்னோடு முப்பத்தாறு நிமிடம். உப்பிட்டுக்கு நாலு நிமிடம் கழித்தால் இரண்டு பேருக்கும் சரியாகிறது. ஆனால் அவருக்கு அது இலவசமாகக் கிடைத்தது. எனக்கு, நாலு ஆட்டோவும் இரண்டு கூலியும் மேஜை இழுப்பறையில் சும்மா கிடக்கிற டிஸ்கும் சேர்த்து, நாலாயிரத்து ஐந்நூற்று நாற்பது ரூபாய்.