ஃபிக்ரி வீட்டு இரண்டாவது ரவுட்டர்

எதிர்வீட்டு ஃபிக்ரியை யாராவது குறை சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன். அலெக்சாந்திரியாவில் ஆயுசெல்லாம் டிராம் ஓட்டியவர். கிழவிகள் ஏறி உட்காரும்வரை வண்டியை எடுக்கமாட்டார்.

மனைவி தஃபீதாவுக்குக் காது கேட்காது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வாள். இடுப்பு முறிந்து உள்ளறைக் கட்டிலோடு கிடந்தபோது, குவைத்திலிருக்கும் மகள் ஈனாஸுக்கு லீவு கிடைக்கவில்லை. போனிலாவது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்பதுதான் தஃபீதாவின் ஒரே ஆசை.

கட்டடத்துக்கே ஒரே நெட். முதல் மாடி ஹாஜி அப்துத் தவ்வாப் வீட்டிலிருந்து படிக்கட்டோரமாக எல்லா வீட்டுக்கும் ஒயர் ஏறும். ஃபிக்ரியின் ரவுட்டர் கூடத்தில் இருந்தது. உள்ளறையின் கல்சுவரைத் தாண்டி சிக்னல் போகாது. கட்டிலை நகர்த்தினால் தஃபீதா அலறுவாள். அதனால் இன்னொரு ரவுட்டர் வாங்கப் போனார். நானும் கூடப் போனேன்.

கடைக்காரன் சிரித்தான். "என்ன மாமா, இந்த வயசுல ரெண்டாவது பொண்டாட்டியா? மூத்தவ சொல்றபடி நடன்னு இவகிட்ட முதல்லயே சொல்லி வச்சிடுங்க. இல்லேன்னா சாவிக்கொத்து என்கிட்டதான்னு ரெண்டும் நிக்கும், குடித்தனமே நாறிடும்!"

"டேய், தஃபீதா பார்த்தா உன் உதட்டைத் தச்சிடுவா!" என்றார் ஃபிக்ரி.

மூவரும் சிரித்தோம். கேலியோடு கேலியாக அவன் மாட்டும் விதத்தைத்தான் சொன்னான் என்பது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை.

ஈனாஸுக்கு ஓய்வு வெள்ளிக்கிழமைதான். அன்று மதியம் ஃபிக்ரி கூடத்திலிருந்து உள்ளறைக்கு ஒயரை இழுத்துப் புது ரவுட்டரில் சொருகினார். பச்சை விளக்குகள் எரிந்தன. நான் தஃபீதாவுக்குத் தலை வாரி, முக்காடு கட்டிவிட்டேன். அழைப்பு வரவில்லை. பழையதுக்கு அடங்கும்படி செட் பண்ணாமல் மாட்டியதால், புதியது தானே மூத்தவள் என்று கட்டடம் முழுக்க அதிகாரம் பண்ணியதில் எல்லா வீட்டு நெட்டும் செத்துப்போயிருந்தது.

"எவன்டா என் லைன்ல கை வச்சது?" கால்பந்து ஆட்டம் பாதியில் நின்ற கோபத்தோடு ஹாஜி மேலே ஏறி வந்தார்.

"ஹாஜி, இவளுக்குப் பொண்ணு முகத்தைக் காட்டணும். கொஞ்சம் பொறுங்க."

"அங்க பெனால்டி அடிக்கிறான், நான் பொறுக்கணுமா?"

"உங்க பந்து எங்கயும் ஓடிடாது, இறங்குங்க கீழே!" என்று கத்தினேன். கட்டிங் பிளேயரால் ஃபிக்ரியின் ஒயரை நறுக்கிவிட்டுத்தான் இறங்கினார். அன்றோடு அவருக்கு சலாம் சொல்வதை நிறுத்தினேன். இனியும் சொல்லமாட்டேன்.

ஃபிக்ரி தெருமுனைக் கடை போனில் மகளிடம் பேசிவிட்டு வந்தார். "அவளுக்கு நாளைக்கு டியூட்டியாம். அடுத்த வெள்ளி..."

தஃபீதா அவர் உதட்டை அதற்குமேல் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்படித் திருப்பிக்கொண்டவளிடம் பேச வழியேது? ஆனாலும் அவள் முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெள்ளி வருமுன் அவளை அடக்கம் செய்துவிட்டோம். அதற்குத்தான் ஈனாஸுக்கு லீவு கொடுத்தார்கள்.