மூஞ்சி அக்கா

மீன் கடை ஹட்சுயே அக்காவுக்குக் கால்பந்தில் ஒரு எழவும் தெரியாது என்று சொல்லித் திரிந்தவர்களில் பாதிப் பேருக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்றே தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கிளப்பின் ரசிகர் கூட்டத்தில் முரசு அடிப்பவன் நான். யார் லட்சணம் எப்படி என்று எனக்குத் தெரியும்.

கடையில் கானாங்கெளுத்தி அறுக்கும்போதுதான் போனில் அந்த வீடியோவைப் பார்த்தாள் அக்கா. எங்கள் ஆட்டக்காரன் மினகுச்சி மழையில் நனைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு சிரிக்கிறான், அவ்வளவுதான். ஜப்பானே அதைப் பார்த்தது. இரண்டாம் டிவிஷனில் தட்டுத்தடுமாறும் கிளப்பின் பையனுக்கு இணையத்தில் எட்டு லட்சம் ரசிகர்கள்! எங்கள் மைதானமோ பாதிகூட நிரம்பாது. அடுத்த ஞாயிறே, அவன் முகம் அச்சடித்த விசிறியோடு கோல் கம்பத்துக்குப் பின்னால் எங்கள் நடுவில் வந்து நின்றாள் அக்கா.

அங்கே நின்றால் பாட வேண்டும், குதிக்க வேண்டும். பாடகர்களின் ரசிகைகள் மாதிரி முகம் போட்ட விசிறியை ஆட்டக் கூடாது. எங்கள் ரசிகர் கூட்டத்தின் தலைவன் கமாதா மெகாபோனோடு வந்துவிட்டான்.

"அக்கா, இது ஆட்டம் பாக்குற இடம். மூஞ்சி பாக்க வர்றவங்க அந்தப் பக்கம் போய் உக்காருங்க."

"மூஞ்சி பாக்கத்தான் வந்தேன். கண்ணும் என்னோடது, டிக்கெட்டும் என்னோடது. உனக்கு எங்கடா வலிக்குது?"

விசிறியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டாள். இடத்தை விட்டு அசையவில்லை. இரண்டு வருடம் அப்படியே நின்றாள். எல்லாப் பாட்டையும் கற்றுக்கொண்டாள். மினகுச்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களிலும் தொண்டை கிழியக் கத்தினாள். ஆனாலும் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் 'மூஞ்சி அக்கா'தான்.

கடைசி ஆட்டம். தோற்றால் மூன்றாம் டிவிஷன். ஒரு கோல் பின்தங்கியிருந்தோம்; கடைசி நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை மினகுச்சி வானத்துக்கு அடித்தான். தோற்றோம். விசில் ஊதி முடிப்பதற்குள் போனில் ஆரம்பித்துவிட்டார்கள். நேற்றுவரை இதயம் அனுப்பியவர்கள், "ஷாம்பு விளம்பரத்துக்குப் போ" என்று எழுதினார்கள்.

கமாதா மெகாபோனைத் தூக்கினான்.

"ஆட்டக்காரங்க வந்து நம்ம முன்னாடி குனியும்போது ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. பாட்டு கிடையாது, கைதட்டு கிடையாது. மீறுனா அடுத்த வருஷம் இங்க இடம் இல்ல."

எங்கள் ஊரில் திட்டினால்கூட மறுநாள் சேர்ந்து குடிக்கலாம். மௌனம்தான் கொல்லும்.

ஆட்டக்காரர்கள் வரிசையாக வந்து எங்கள் முன்னால் குனிந்தார்கள். யாரும் மூச்சு விடவில்லை. மற்றவர்கள் நிமிர்ந்தார்கள். மினகுச்சி நிமிரவில்லை. அந்த மௌனத்தில் அவன் முதுகு நடுங்கியது.

அக்கா இடுப்பிலிருந்து விசிறியை உருவினாள். கமாதா திரும்பி முறைத்தான். அவள் அதைத் தலைக்கு மேல் தூக்கி, கடையில் மீன் கூவி விற்கும் அதே குரலில் கத்தினாள்:

"மினகுச்சி! தலையத் தூக்குடா! அந்த மூஞ்சியப் பாக்கத்தானே ரெண்டு வருஷமா வர்றேன்!"

அவன் நிமிர்ந்தான். சேறு, கண்ணீர், ஒழுகும் மூக்கு, வீங்கிய கண். வீடியோவில் பார்த்த முகம் அதில் எங்கேயும் இல்லை.

அக்கா ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

"நல்லாத்தான்டா இருக்கு!" என்றாள். பிறகு அவனுக்கென்று நாங்கள் கட்டியிருந்த பாட்டைத் தனியாகப் பாடத் தொடங்கினாள்.

நான் கமாதாவின் பக்கம் திரும்பவே இல்லை. குச்சியை ஓங்கி முரசில் அடித்தேன்.